நரம்புச் செல்களும் நரம்புத் திசுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலியல் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து சில சந்தேகங்கள் வருடம் தவறாமல் வந்துகொண்டே இருக்கின்றன. தேர்வுக்குப் படிப்பவர்களும் கேட்கிறார்கள், வீட்டில் யாருக்காவது கை மரத்துப்போனவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

கையில பச்சையா புடைச்சுக்கிட்டுத் தெரியுதே, அதுதானே நரம்பு?

இல்லை, அது சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் குழாய். இந்தக் குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. யாழில் கட்டிய தந்தியும் நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு. ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கலை" என்றால் அது சிரை. கால் பிசகி "நரம்பு பிரண்டுடுச்சு" என்றால் அது தசைநார். நீளமாக, இழையாக இருப்பதையெல்லாம் இந்த ஒரே சொல்லால் சொல்லிவந்திருக்கிறோம். கிரேக்கத்திலும் இதே கதைதான்: 'நியூரான்' என்ற சொல்லுக்கு அங்கே முதலில் தசைநார், நாண் என்றே பொருள்.

உண்மையான நரம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால், முழங்கையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாகக் குறுக்கே உருட்டுங்கள். கயிறு போல ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் அல்நார் நரம்பு. அந்த இடத்தில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிப்பது இதனால்தான். சிரையை அழுத்தினால் அமுங்கும், விட்டால் மறுபடி நிரம்பும். நரம்பு அப்படிச் செய்யாது, ஏனென்றால் அது குழாய் அல்ல.

நரம்பும் நியூரானும் ஒண்ணுதானே? ரெண்டு பேர் எதுக்கு?

நியூரான் என்பது ஒரு தனிச் செல். அதன் உடலிலிருந்து சிறு கிளைகளாகப் பிரிபவை டென்ட்ரைட்டுகள்; செய்தி உள்ளே வரும் வழி பெரும்பாலும் இவைதான். செய்தியை வெளியே கொண்டுபோகும் ஒற்றை நீள இழை ஆக்சான். நரம்பு என்பது இப்படிப்பட்ட ஆக்சான்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த கட்டு. ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மெல்லிய இணைப்புத் திசு, இழைகள் சேர்ந்த ஒவ்வொரு கற்றையைச் சுற்றியும் ஓர் உறை, கற்றைகள் எல்லாவற்றையும் சேர்த்து வெளியே தடித்த இன்னோர் உறை. எண்டோநியூரியம், பெரிநியூரியம், எபிநியூரியம் என்று பாடப்புத்தகத்தில் வருபவை இவைதான். இடையிடையே ரத்தக் குழாய்களும் கொழுப்பும் உண்டு. தொடையின் பின்னால் இறங்கும் சயாட்டிக் நரம்பு ஒரு விரல் பருமன் இருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: கை, கால்களில் ஓடும் நரம்புக்குள் நியூரானின் உடல் இருக்காது. உடல்கள் தண்டுவடத்திலோ, அதையொட்டிய நரம்பு முடிச்சுகளிலோ உட்கார்ந்திருக்கும். நரம்பில் இருப்பவை அவற்றின் நீண்ட கைகள் மட்டுமே.

புத்தகத்துல வரையுற மாதிரியேதான் நியூரான் இருக்குமா?

மாணவர்கள் முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஏமாந்துபோவது இங்கேதான். நரம்பைக் குறுக்கே வெட்டிய வழக்கமான சிலைடில் நட்சத்திரமும் தெரியாது, வாலும் தெரியாது. நெருக்கமாக அடுக்கிய சின்னச் சின்ன வளையங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. புள்ளிதான் ஆக்சான். அதைச் சுற்றி வெளுத்துக் கிடக்கும் இடத்தில் மையலின் என்ற கொழுப்புறை இருந்தது. சிலைடு தயாரிக்கும்போது ஊற்றும் கரைப்பான்களில் கொழுப்பு கரைந்துபோய், அதன் இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொழுப்பைக் கறுப்பாக்கும் ஆஸ்மியம் டெட்ராக்சைடு போட்டுத் தயாரித்திருந்தால் அதே மையலின் கரிய வளையமாக நிற்கும்.

தண்டுவடத்தின் முன்பக்கத்தை வெட்டிப் பார்த்தால்தான் செல் உடல்கள் பெரிதாகத் தெரியும். நடுவே வெளிறிய வட்டமான உட்கரு, அதற்குள் கண்மணி போல ஓர் அடர்ந்த புள்ளி. சுற்றிலும் நிஸில் துகள்கள், அதாவது புரதம் தயாரிக்கும் பட்டறைகள், நீலத் திட்டுகளாகப் படிந்திருக்கும். ஆக்சான் கிளம்பும் இடத்தில் மட்டும் அந்தத் திட்டு இருக்காது. அதை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் ஆக்சான் எது, டென்ட்ரைட் எது என்று பிறகு குழப்பமே வராது.

வடிவமும் ஒன்றல்ல. விழித்திரையில் இரண்டே முனையுள்ள நியூரான்கள் உண்டு. தொடுவுணர்வைக் கொண்டுவரும் நியூரானில் உடலிலிருந்து ஒரே காம்பு கிளம்பி, டி எழுத்து போல இரண்டாகப் பிரியும். சிறுமூளையில் உள்ள பர்கின்ஜி செல்லின் டென்ட்ரைட்டுகள் ஒரே தளத்தில் விசிறியாக விரிந்திருக்கும். அந்த ஒரு செல்லிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வந்து சேர்கின்றன.

ஒரு செல் ஒரு மீட்டர் நீளம் இருக்கும்னு சொல்றாங்க. நம்பவே முடியலையே?

நம்பலாம். கால் விரலின் தொடுவுணர்வைக் கொண்டுவரும் நியூரானின் இழை விரல் நுனியில் தொடங்கி, முதுகெலும்பருகே முடிச்சில் இருக்கும் தன் உடலைக் கடந்து, தண்டுவடம் வழியே மூளையின் அடிப்பகுதி வரை போகிறது. உயரமானவர்களுக்கு ஒன்றரை மீட்டர்கூட வரும். இத்தனையும் ஒரே செல்.

அளவு மனதில் பதிய, காலை அசைக்கும் நியூரானை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் உள்ள உடல் கையில் பிடிக்கும் பந்து அளவுக்கு வரும். ஆக்சான் ஒரு விரல் பருமனில் ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடும். அந்தக் கோடி வரைக்கும் தேவையான புரதங்களில் பெரும்பகுதி இந்தப் பந்துக்குள்தான் தயாராகிறது. ஆகவே ஆக்சானுக்குள் நுண்குழல்கள் தண்டவாளம் போல நீள, கைனேசின் என்ற புரதம் சரக்கை நுனிக்குச் சுமந்துபோகிறது, டைனீன் என்ற புரதம் நுனியிலிருந்து உடலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. வேகமான சரக்குப் போக்குவரத்து நாளுக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும். அப்படிப் போனாலும் ஒரு மீட்டரைக் கடக்க இரண்டரை நாள் ஆகிவிடும். வெறிநாய்க்கடி வைரஸ் கடித்த இடத்திலிருந்து மூளைக்கு ஏறுவதும் இந்தத் திரும்பும் வண்டியில்தான். கடிபட்டவுடன் தாமதிக்காமல் தடுப்பூசி போட வேண்டும் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான். வைரஸ் மூளையை எட்டிவிட்டால் பிறகு காப்பாற்றுவது மிக அரிது.

நரம்புல ஓடுறது கரண்ட்தானே?

மின்சாரம்தான், ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதல்ல. ஓய்வாக இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். அந்த நிலையைக் காக்க செல் சவ்வில் உள்ள பம்புகள் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கின்றன. தூண்டல் வந்ததும் சோடியம் கதவுகள் திறக்கின்றன, சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த இடத்தில் மின்னழுத்தம் தலைகீழாகிறது, சுமார் ஒரு மில்லிவினாடியில் அடங்குகிறது. அதற்குள் பக்கத்துக் கதவுகள் திறந்துவிடும். செய்தி இப்படித்தான் நகர்கிறது. சோடியம் குறுக்கே பாய்கிறதே தவிர, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எதுவும் ஓடுவதில்லை.

இந்தக் கதவுகளின் கணக்கை ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952இல் எழுதி முடித்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது கணவாயின் ராட்சத ஆக்சான். அரை மில்லிமீட்டருக்கு மேல் பருமன் இருந்ததால், அதற்குள்ளேயே மின்முனையைச் செருக முடிந்தது. 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

மையலின் உறை இருந்தா வேகமா போகும்னு படிச்சோம். ஏன்னு யாரும் சொல்லலை.

முந்தைய பதிலில் சொன்ன கதவுத் திறப்பு ஒவ்வொரு புள்ளியிலும் நடக்க வேண்டுமென்றால் நேரம் பிடிக்கும். மையலின் சுற்றிய இடங்களில் அயனிகள் கசிய வழியில்லை. உறைக்கு உறை நடுவே ஒரு மைக்ரோமீட்டர் அளவில் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. அதுதான் ரேன்வியர் கணு. கதவுகள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. ஆகவே துடிப்பு ஒரு கணுவில் எழுந்து, அடுத்த கணுவில் எழுந்து, தாவித் தாவிப் போகிறது.

இந்த உறையை ஆக்சான் தானாகத் தயாரிப்பதில்லை. கை, கால் நரம்புகளில் ஷ்வான் செல் தன் சவ்வைப் பாய் சுருட்டுவது போல ஆக்சான்மேல் சுற்றுகிறது. ஒரு ஷ்வான் செல் ஒரு துண்டுக்கு மட்டுமே பொறுப்பு. மூளையிலும் தண்டுவடத்திலும் இதைச் செய்வது ஆலிகோடென்ட்ரோசைட். அது பல கைகளை நீட்டிப் பல ஆக்சான்களுக்கு ஒரே நேரத்தில் சுற்றிவிடும். இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள், கீழே இரண்டு பதில்களுக்கு இது வேண்டும்.

கால்ல அடிபட்டா முதல்ல சுருக்குன்னு, அப்புறம் விண்ணு விண்ணுன்னு வலிக்குதே, ஏன் ரெண்டு தடவை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் மையலினை நம் உடம்பிலேயே உணர்ந்து பார்க்கலாம். கால் விரலை இடித்துக்கொண்டதும் இரண்டு வகை இழைகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. மெல்லிய மையலின் உள்ள ஏ டெல்டா இழைகள் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் போகும். மையலின் இல்லாத சி இழைகளின் வேகம் 0.5 முதல் 2 மீட்டர்தான். முதலாவது கொண்டுவருவது "சுருக்", காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். அதன் பிறகு ஒரு மூச்சு விடும் நேரம். "அப்பாடா, பெரிதாக வலிக்கவில்லை" என்று நினைக்கும்போது சி இழைகளின் செய்தி வந்து சேர்கிறது, ஊமை வலி பரவுகிறது. தசையை இயக்கும் தடித்த இழைகளோ வினாடிக்கு 100 மீட்டரையும் தாண்டும்.

ஒரு நியூரான் இன்னொண்ணைத் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கும்? தொடாம செய்தி எப்படிப் போகும்?

இதே கேள்விக்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1873இல் கமில்லோ கோல்கி என்ற இத்தாலியர் வெள்ளி நைட்ரேட்டால் நரம்புச் செல்களைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன் அதிசயம், நூற்றில் சில செல்கள் மட்டுமே கறுக்கும், ஆனால் கறுக்கும் செல் வேர் முதல் நுனி வரை கறுக்கும். எல்லாமே கறுத்திருந்தால் காட்டில் ஒரு மரத்தையும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. கோல்கி, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய ஒரே வலை என்றார். அவருடைய முறையையே எடுத்துச் செம்மைப்படுத்திய ஸ்பெயின்காரர் சந்தியாகோ ரமோன் இ காஹால், ஒவ்வொன்றும் தனிச் செல் என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். மேடையிலும் கோல்கி தன் கருத்தை விடவில்லை. 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் நடுவில் உள்ள இடைவெளியைக் கண்ணால் பார்த்தார்கள். சுமார் 20 நானோமீட்டர். காஹால் சொன்னதே சரி.

அந்த இடைவெளியைக் கடப்பது வேதிப்பொருள். 1921இல் ஆட்டோ லோவி துடிக்கும் இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பை, அதாவது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் நரம்பை, தூண்டினார். அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தை நனைத்திருந்த திரவத்தை மற்ற இதயத்துக்கு ஊற்றினார்; நரம்பு தூண்டப்படாத அதுவும் மெதுவானது. சோதனையின் யோசனை கனவில் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் திரவத்தில் இருந்தது அசிடைல்கோலின். சில இடங்களில் செல்கள் நுண்துளைகளால் நேரடியாக இணைந்து மின்துடிப்பையே கடத்துவதும் உண்டு, ஆனால் பெரும்பாலான சினாப்ஸ்கள், அதாவது நியூரான்கள் சந்திக்கும் இடங்கள், வேதிமுறைதான்.

கிளியா செல்கள் நியூரானைப் போலப் பத்து மடங்கு, வெறும் பசை மாதிரின்னு படிச்சோமே?

கிளியா என்பவை நரம்புத் திசுவில் நியூரான் அல்லாத துணைச் செல்கள். அவற்றைப் பற்றிய அந்த இரண்டும் பழைய கணக்கு. 1856இல் ருடால்ஃப் விர்ஹோ 'நரம்புப் பசை' என்ற பொருளில் பெயர் வைத்தது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. 2009இல் மனித மூளைத் திசுவைக் கரைத்துக் கூழாக்கி, உட்கருக்களை எண்ணிப் பார்த்தார்கள். நியூரான்கள் சுமார் 8,600 கோடி. மற்ற செல்கள் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட அதே அளவு. அந்த நியூரான்களில் ஏறத்தாழ 6,900 கோடி தலையின் பின்பக்கம் இருக்கும் சிறுமூளையில் என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

வேலையைப் பார்த்தால் 'பசை' என்ற பெயர் அநியாயம். ஆலிகோடென்ட்ரோசைட்டை மேலே பார்த்தோம். நட்சத்திர வடிவ ஆஸ்ட்ரோசைட், சினாப்ஸில் மிஞ்சிய குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளையும் வெளியே தேங்கும் பொட்டாசியத்தையும் உறிஞ்சி எடுக்கிறது. எடுக்காவிட்டால் நியூரான்கள் தூண்டப்பட்டே செத்துப்போகும். ரத்தக் குழாய்களைத் தன் பாதங்களால் சுற்றிப் பிடித்துக்கொள்வதும் அதுதான். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடைச்சுவர் ஆஸ்ட்ரோசைட் அல்ல, நுண்குழாயின் உட்சுவர்ச் செல்கள் நெருங்கிப் பூட்டிக்கொண்டிருப்பதுதான் தடை. தேர்வில் இதை மாற்றி எழுதுபவர்கள் அதிகம். மைக்ரோகிளியா காவலும் துப்புரவும் பார்ப்பவை. அவை மற்ற நரம்புச் செல்களின் வம்சமே அல்ல, கருவின் மஞ்சட்கருப் பையில் பிறந்து மூளைக்குக் குடியேறியவை. எபென்டைமல் செல்கள் மூளையின் உள்ளறைகளுக்குச் சுவராக நின்று, குற்றிழைகள் என்ற மயிர் போன்ற நுண்ணிழைகளால் மூளைத் தண்டுவடத் திரவத்தை நகர்த்துகின்றன. அந்தத் திரவம் எந்த நேரமும் சுமார் 150 மில்லிலிட்டர்தான் இருக்கும், ஆனால் நாளுக்கு 500 மில்லிலிட்டர் அளவில் புதிதாகச் சுரக்கிறது.

சாம்பல் பகுதி, வெள்ளைப் பகுதி ரெண்டும் வேற வேற திசுவா?

திசு ஒன்றுதான், சேர்மானம் வேறு. செல் உடல்களும் சினாப்ஸ்களும் குவிந்த இடம் சாம்பல், மையலின் கொழுப்பு நிறைந்த ஆக்சான்கள் ஓடும் இடம் வெள்ளை. பெருமூளையில் சாம்பல் வெளியே, தண்டுவடத்தில் உள்ளே.

கை நரம்பு அறுந்தா வளருதாமே, தண்டுவடம் அறுந்தா மட்டும் ஏன் வளரலை?

ஆக்சான் அறுந்தால் உடலோடு தொடர்பற்ற பகுதி சிதையும். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்பில் இதைப் பார்த்தார். கையில் என்றால் அதன் பிறகு ஷ்வான் செல்கள் களத்தில் இறங்குகின்றன. குப்பையை அகற்ற உதவி, பெருகி, பழைய பாதையில் வரிசையாக நின்று, வளரும் நுனிக்கு வழிகாட்டுகின்றன. நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் தைத்த நரம்பு விரல் நுனியை எட்டப் பல மாதங்கள் ஆவது இந்தக் கணக்கில்தான்.

தண்டுவடத்தில் ஷ்வான் செல் இல்லை. ஆலிகோடென்ட்ரோசைட்டின் மையலினிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. ஆஸ்ட்ரோசைட்டுகள் காயத்தைச் சுற்றித் தழும்பு கட்டுகின்றன. நியூரானின் வளரும் திறனும் அங்கே குறைவு. ஆனாலும் 1980களின் தொடக்கத்தில் எலியின் தண்டுவடத்தில் கால் நரம்பின் துண்டை ஒட்டிப் பார்த்தபோது, நடு நரம்பு மண்டல (மூளை, தண்டுவட) ஆக்சான்கள் அந்தத் துண்டுக்குள் சில சென்டிமீட்டர் வளர்ந்தன. சுற்றுப்புறத்துக்கு எவ்வளவு பங்கு என்று அது காட்டிவிட்டது.

சென்ட்ரியோல் இல்லாததாலதான் நியூரான் பிரியறதில்லைன்னு எழுதினா மார்க் உண்டு. அப்போ மூளையில கட்டி எப்படி வருது?

மதிப்பெண் கிடைக்கலாம், காரணம் சரியில்லை. சென்ட்ரியோல் என்பது செல் பிரியும்போது உதவும் நுண்ணுறுப்பு. பல நியூரான்களில் ஒற்றைக் குற்றிழை உண்டு, அதன் அடியில் இருப்பதே சென்ட்ரியோல்தான். முதிர்ந்த நியூரான் செல் சுழற்சியை விட்டே விலகிவிடுவதால்தான் பிரிவதில்லை.

கட்டியைப் பற்றிய சந்தேகம் நியாயமானது. பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் கிளியா வகைச் செல்களிலிருந்தோ மூளையுறைகளிலிருந்தோ வருகின்றன. பிரியக்கூடிய செல்லில்தானே கட்டுப்பாடு தவற முடியும்? முதிர்ந்த நியூரானிலிருந்து கட்டி வருவது அபூர்வம்.

நரம்புத் தளர்ச்சின்னு சொல்றாங்களே, அது எந்தச் செல்லோட நோய்?

எந்தச் செல்லுடையதும் அல்ல. கை நடுக்கம், சோர்வு, பயம் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில் போட்டுவிடுகிறோம், அதனால் உண்மையான நோயைப் பார்க்கத் தாமதமாகிறது. மையலின் பதிலில் நினைவில் வைக்கச் சொன்னது இங்கே உதவும். நடு நரம்பு மண்டலத்தின் மையலினை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். வெளி நரம்புகளைத் தாக்கினால் கீலன்-பாரே நோய். காலில் தொடங்கி மேலேறும் பலவீனம் மூச்சுத் தசைவரை போகலாம், உடனே மருத்துவமனை போக வேண்டும். தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்லுக்குள் குடியிருக்கிறது, அதனால்தான் தோல் திட்டில் உணர்ச்சி போகிறது.

சர்க்கரை நோயில உடம்பெல்லாம் சர்க்கரை ஓடுது. மரமரப்பு மட்டும் ஏன் பாதத்துலயே ஆரம்பிக்குது?

ஒரு மீட்டர் செல்லைப் பற்றிச் சொன்னதை மறுபடி பாருங்கள். சர்க்கரை மிகுந்து நியூரானும், அதற்கு ஊட்டம் தரும் நுண்குழாய்களும் பழுதாகும்போது, உடலிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஆக்சான் நுனிதான் முதலில் தளர்கிறது. மிக நீண்ட ஆக்சான்கள் கால் விரல்களுக்குப் போகின்றன. ஆகவே இரண்டு காலிலும் ஒரே மாதிரி, காலுறை போட்டது போல மரமரப்பு மேலேறும். அது முழங்காலை நெருங்கும் வாக்கில்தான் கைவிரல் நுனிகள் மரக்கத் தொடங்கும், ஏனென்றால் இரண்டு இடத்துக்கும் போகும் ஆக்சான்களின் நீளம் கிட்டத்தட்ட ஒன்று.

வலியைச் சொல்ல வேண்டிய சி இழைகளும் இதில் போய்விடுகின்றன. செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது, கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. அதனால் சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்த்துவிட வேண்டும், விரல் இடுக்குகளையும் சேர்த்து.